சம்பளத்துக்குப் பந்தாடிய அப்பாதுரை

பெரிய காஞ்சிபுரத்தில் கலியாணசுந்தர முதலியாரின் பட்டுக்கடைக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது. மாதம் பிறந்ததும் கூலிக்கு ஆட்கள் அங்கே வந்து நிற்பார்கள். தறிக்காரர்கள், சாயம் காய்ச்சுகிறவர்கள், வண்டிக்காரன், தண்ணீர் தூக்குகிறவன். அந்தக் கும்பலிலிருந்து தள்ளி, முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பான். எல்லோரும் போன பிறகு கணக்குப்பிள்ளை அவனைக் கூப்பிடுவார்.

"பந்து, வாடா."

பணத்தைப் படிக்கட்டில் வைப்பார். அவன் குனிந்து எடுத்துக்கொண்டு, "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் நெய்யவில்லை, சாயம் போடவில்லை, சுமக்கவில்லை. முதலியாரின் கால்பந்துச் சங்கத்துக்காகப் பந்து உதைப்பதுதான் அவன் வேலை. அந்த ஊரில் அதற்குச் சம்பளம் வாங்கியவன் அவன் ஒருவன்தான். பெயர் அப்பாதுரை.

வேகவதி ஆற்றுக்குத் தெற்கே இருந்த சேரியில் பிறந்தவன். அப்பன் பண்ணையாள். ஐரோப்பாவில் யுத்தம் மூண்ட மறுவருஷம் வாலாஜாபாத் சந்தைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். புளியமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஹவில்தார் கேட்டார்:

"மண்ணு வெட்டத் தெரியுமா?"

"அது ஒண்ணுதாங்க தெரியும்."

அப்படித்தான் பயனியர் பட்டாளத்தில் சேர்ந்தான். துப்பாக்கி கொடுத்தார்கள், ஆனால் கையில் அதிகம் இருந்தது மண்வெட்டியும் கடப்பாரையும்தான். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவி மேரி மிஷன் சபையைச் சேர்ந்தவள். கப்பலேறப் போகிறவனிடம் அவள் அழவில்லை. "திரும்பி வா. வேற ஒண்ணியும் வாணாம்" என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்ராவில் இறங்கினான். சேற்றில் சாலை போட்டான், ஆற்றில் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் அமைத்தான், செத்தவர்களுக்குக் குழி வெட்டினான். யுத்தம் முடிகிற சமயத்தில் பாரசீக மலைப்பக்கம் பாறை உடைக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு காலை, வைத்த வெடி நேரத்துக்கு முன்பே வெடித்தது. பக்கத்தில் நின்ற ராஜவேலு, செய்யாற்றுப் பக்கத்து ஆள், ஒரே கூடாரத்தில் அவனோடு படுத்துறங்கியவன், அந்த இடத்திலேயே போய்விட்டான். அப்பாதுரைக்கு இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. ரத்தம் நின்றபோது அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் நின்றுபோயிருந்தது.

பிறகு பாக்தாதுக்கு வெளியே ஒரு முகாமில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். சும்மா இருக்கிற சிப்பாய்கள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க அதிகாரிகள் கால்பந்து ஆடவிட்டார்கள். அப்பாதுரை அதுவரை பந்தைக் கண்டதில்லை. ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்பது அவனுக்கு மற்றவர்களைவிட ஒரு கணம் முன்னதாகத் தெரிந்தது. வெறுங்காலோடு ஆடினான். ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட் அவனை இடித்துத் தள்ளிவிட்டான். தள்ளியவனே கையை நீட்டி, அவன் கையைப் பற்றித் தூக்கி நிறுத்தினான். காஞ்சிபுரத்தில் சேரிக்கு வெளியே இருக்கிற யாரும் தன் கையைப் பிடித்ததே இல்லை என்பது அப்போதுதான் அப்பாதுரைக்கு உறைத்தது. அன்று கூடாரத்துக்கு வந்து வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டாளத்திலிருந்து விடுவிப்பதற்கு முன் டாக்டர் சோதித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முதலில் வலது காதருகே பிடித்தார், பிறகு இடது காதருகே. "கேட்கிறதா?" இரண்டு தடவையும் அப்பாதுரை "எஸ் சார்" என்றான். குறை இருக்கிறதென்று சொன்னவர்களை ஆஸ்பத்திரியில் நிறுத்திவைத்தார்கள். அந்த வாரம் கப்பல் புறப்பட இருந்தது. மேரியைப் பார்க்க வேண்டும். பழுதில்லாத உடம்பு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதனால் பென்ஷனும் இல்லை.

ஊரில் அவனுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. நிலம் தருவார்கள் என்ற பேச்சு பேச்சாகவே இருந்தது. பாலாற்று மணலை வண்டியில் ஏற்றினான். பண்ணையில் கூலிக்குப் போனபோது மணியக்காரர் அவன் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, "பட்டாளத்து மிடுக்கெல்லாம் இங்க காட்டாதடா" என்று சொல்லி வேலையில்லாமல் அனுப்பினார். மேரி மிஷன் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கவும் வார்டு கூட்டவும் போனாள். அவள் கொண்டுவந்ததில்தான் அடுப்பு எரிந்தது.

அந்தச் சமயத்தில் முதலியாரின் மகன் உமாபதி சென்னையில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். படிப்பு எவ்வளவு வந்ததோ தெரியாது, கால்பந்துப் பித்து வந்திருந்தது. பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரப் பையன்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தான். நாளெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிறவர்களுக்குக் கால் வலுவாகத்தான் இருந்தது, ஓட மூச்சு இல்லை. வெளியூரிலிருந்து வருகிற அணியெல்லாம் அவர்களைத் தோற்கடித்துவிட்டுப் போனது. சின்னக் காஞ்சிபுரத்துப் பையன்களிடமும் தோற்றபோது உமாபதிக்குச் சோறு இறங்கவில்லை.

குளத்தங்கரை மைதானத்தின் ஓரத்தில் மணல் வண்டியை நிறுத்தி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாதுரையின் பக்கம் ஒரு நாள் பந்து வந்தது. அவன் அதை உதைத்து அனுப்பிய விதத்தைப் பார்த்த உமாபதி, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனிடம் வந்தான்.

"எங்கடா கத்துக்கின?"

"பட்டாளத்துல சார்."

அவன் 'சாமி' என்று சொல்லாமல் 'சார்' என்று சொன்னது உமாபதிக்குப் பிடித்திருந்தது. அப்பாவிடம் பேசினான். முதலியார் முதலில் முகம் சுளித்தார். சேரிக்காரன் நம் பையன்களோடு இடித்துக்கொண்டு ஆடுவதா? பிறகு, வேலூரையும் செங்கல்பட்டையும் ஜெயிக்கலாம் என்று மகன் சொன்னதில் மனம் இளகினார். "சம்பளத்துக்கு வெச்சுக்கோ. கூட்டாளியா வெச்சுக்காத" என்றார்.

அப்பாதுரை வந்த பிறகு சங்கம் ஜெயித்தது. இரண்டு வருஷம் அந்த மைதானத்தில் அதை யாரும் தோற்கடிக்கவில்லை. பந்தய நாளில் தறிகள் ஓய்ந்துவிடும். தெருவில் நீட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டி வைத்துவிட்டு ஜனங்கள் குளத்தங்கரைக்குப் போவார்கள். ஜெயித்த பிறகு ஆட்டக்காரர்களுக்கு மாலை போடுவார்கள். அப்பாதுரைக்கான மாலையைக் கோல் கம்பத்தில் மாட்டிவிட்டு, "உன்னுத எடுத்துக்கோடா" என்பார்கள். மற்றவர்கள் குளத்தில் இறங்கிக் குளிப்பார்கள். அவன் வியர்வையோடு வேகவதிக்கு நடப்பான்.

ஒரு முறை மேரி கேட்டாள்: "அந்த மாலைய ஏன்யா கொண்டாற? அங்கியே விட்டுட்டு வர வேண்டியதுதான?"

"ஆடறப்ப அவங்கதான் என் மேல உயுந்து பொரள்றாங்க மேரி. என் தோளப் புடிச்சிக்கினு எழுந்திருக்கறாங்க. அந்த நேரத்துக்கு ஒண்ணும் இல்ல. விசில் ஊதினப்பறம்தான் எல்லாம்."

மேரி மாலையிலிருந்து பூக்களை உதிர்த்து, பக்கத்துக் குடிசைப் பெண்களுக்குக் கொடுத்தாள்.

காது விஷயம் மேரி ஒருத்திக்குத்தான் தெரியும். செவிடனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அப்பாதுரை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். எப்போதும் மைதானத்தின் இடது ஓரத்தில்தான் ஆடுவான். செத்த காது வெளிப்பக்கம் இருக்கும். ஆட்டம் முழுவதும், கூப்பிடுகிற குரலும் விசிலும், வலது காதுக்கு வந்துவிடும். இடது ஓரத்தை விட்டு அவன் நகர்வதே இல்லை. அது அவன் பாணி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சின்னக் காஞ்சிபுரத்து அணியில் சடகோபன் என்று ஒருவன் இருந்தான். பத்தொன்பது இருபது வயது. அவர்கள் குடும்பம் தெருக்கோடியில் இருந்த சின்னப் பெருமாள் கோயில் ஒன்றுக்குப் பரம்பரை அர்ச்சகர்கள். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் சந்நிதியில் நிற்க வேண்டியவன். குடுமியை இறுக்கி முடிந்துகொண்டு அவன் ஓடினால் பிடிக்க ஆளில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தால்தான் அம்மா மரகதவல்லி உள்ளே விடுவாள் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்லுவான். அப்பாதுரையிடம் பேசுகிற ஒன்றிரண்டு பேரில் அவனும் ஒருவன். "ஏண்டா அப்பாதுரை, இன்னிக்காவது என்னைக் கொஞ்சம் ஓட விடுவியோ?" என்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, மாசி மாதம். இரண்டு காஞ்சிபுரத்துக்கும் பந்தயம். வெயில் சாய்ந்தும் சூடு தணியவில்லை. கயிறு கட்டிய ஓரமெல்லாம் கூட்டம். இரண்டு ஓரத்திலும் மேளக்காரர்களை உட்காரவைத்திருந்தார்கள். சடகோபன் பெரிய காஞ்சிபுரத்தாருக்கு வலது ஓரத்தில் ஆடினான். உமாபதியின் ஆட்களால் அவனை நிறுத்த முடியவில்லை. பாதி ஆட்டத்திற்குள் ஒரு கோல் போட்டுவிட்டான்.

இடைவேளையில் உமாபதி அப்பாதுரையிடம் வந்தான்.

"நீ ரைட்டுக்கு வா. சடகோபன நீதான் புடிக்கணும்."

"சார், நான் இந்தப் பக்கமே இருக்கறேன் சார். இதான் எனக்குப் பழக்கம்."

"சம்பளம் வாங்கறவனுக்கு இன்னாடா பழக்கம்? சொன்ன எடத்துல நில்லு."

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பக்கம் காது கேட்காது என்று ஒரு வார்த்தை. அப்பாதுரை வாயைத் திறந்து மூடினான். பிறகு வலது பக்கம் போனான்.

அங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. கேட்கிற காதில் மேளமும் கூச்சலும் நிறைந்தன. ஆட்டக்காரர்களின் குரல் எதுவும் வந்து சேரவில்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற சின்னக் காஞ்சிபுரத்து இளவட்டங்கள் அவன் கிட்டே வரும்போதெல்லாம் ஜாதியைச் சொல்லிக் கூவினார்கள். "காசுக்கு ஆடற நாயே, ஒதுங்கி ஓடுடா, தீட்டு!" அது மட்டும் நன்றாகக் கேட்டது. சடகோபன் இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போனான். ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிரித்தது. அப்பாதுரைக்குத் தலைக்குள் சூடு ஏறியது.

மூன்றாவது தடவை பந்து சடகோபனிடம் வந்தபோது ரெஃப்ரி விசில் ஊதினார். ஆஃப்சைடு. சடகோபன் நின்றான். பந்தை விட்டுவிட்டு, ஒரு காலில் உடம்பைச் சாய்த்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான். எல்லோரும் நின்றார்கள். அப்பாதுரை மட்டும் நிற்கவில்லை. தூரத்திலிருந்து ஓடிவந்த வேகத்தோடு பந்தின் மேலும் அதன் பின்னால் இருந்த காலின் மேலும் விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் கயிற்றுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

அடுத்த கணம் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அப்பாதுரையை அடித்தார்கள். கம்பாலும் செருப்பாலும் அடித்தார்கள். கையால் தொட்டு அடிக்கவில்லை. அவன் ஓடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "விசில் ஊதினாங்களா? விசில் ஊதினாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து முதலியார் கடையின் பின்முற்றத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. சின்னக் காஞ்சிபுரத்துப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். முதலியாருக்கு அந்தத் தெருக்களில் வாடிக்கைக்காரர்கள் அதிகம். விஷயத்தைச் சுமுகமாக முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை. அப்பாதுரை முற்றத்தின் வாசலுக்கு வெளியே நின்றான். நெற்றியில் காயம் ஆறாமல் இருந்தது. ரெஃப்ரியாக இருந்த பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் வீரபத்திரன், "நான் பலமாத்தான் ஊதினேன். எல்லாரும் நின்னாங்க. இவன் ஒருத்தன்தான் வந்தான்" என்றார்.

"சொல்லுடா, விசில் கேட்டுதா இல்லையா?" என்று கேட்டார் முதலியார்.

"கேக்கல சார்."

"ஊருக்கே கேட்டுது. உனக்கு மட்டும் கேக்கலியா?"

அப்பாதுரை அத்தனை வருஷம் மறைத்ததைச் சொன்னான். "எனக்கு எடது காது கேக்காது சார். பட்டாளத்துல வெடில போயிடுச்சு. வேல போயிடும்னு பயந்து சொல்லல."

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உமாபதி, "ரெண்டு வருஷமா என்கூட ஆடறான், நான் கூப்பிட்டா திரும்பறான்" என்றான். பட்டாளத்து டாக்டர் என்ன எழுதினார் என்று வீரபத்திரன் கேட்டார். அப்பாதுரைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நல்லா இருக்குதுன்னு எழுதினாங்க" என்றான்.

"இப்பவே பார்த்துடுவமே" என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர்.

வலது காதைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். அவன் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். கடைப்பையன் ஒருவன் சத்தமில்லாமல் பின்னால் வந்து, பித்தளைத் தாம்பாளத்தை ஓங்கித் தட்டினான். அந்த ஓசை உள்ளங்கையைத் தாண்டி, எலும்பு வழியாகவே கேட்கிற காதுக்குள் போனது. வெடிச்சத்தத்தில் நண்பனைப் பறிகொடுத்தவன் அவன். உடம்பு தூக்கிப்போட்டது. சட்டென்று திரும்பினான்.

"கேக்குதே!" என்றார் யாரோ. எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் ஏறவில்லை. வேண்டுமென்று காலை உடைத்ததோடு பொய்யும் சொல்கிறான் என்று ஆகிவிட்டது. முதலியார் எழுந்து, வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். "எங்க பசங்க யாரும் இப்பிடி செய்ய மாட்டாங்க. இவன் கூலிக்கு வந்தவன். இன்னையோட அனுப்பிட்டேன்." உமாபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் போகச் சொன்னது தான்தான் என்று அவனும் சொல்லவில்லை.

சடகோபனின் காலுக்கு முதலில் ஊரில் பேர்போன வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு தோலைக் கிழித்திருந்தது, புண் அழுகத் தொடங்கியது. காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். காலம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மேரிக்கு அந்த வார்டில்தான் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்தாள். கை கழுவினாள். மறுபடி கழுவினாள்.

"இன்னா ஆச்சு மேரி?"

"எடுத்துட்டாங்க."

அப்பாதுரை அவளையே பார்த்தான்.

"துணில சுத்தி என் கையிலதான்யா குடுத்தாங்க. பின்னால வேலியாண்ட எடுத்தும்போயி நான்தான் பொதைச்சேன். அது இன்னும் சூடாவே இருந்துச்சுய்யா." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ வேணும்னு செய்யல. எனக்குத் தெரியும். உனக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"ஆமா" என்றான் அப்பாதுரை.

மேரி தொடர்ந்து வேலைக்குப் போனாள். சடகோபனின் விரிப்பை அவள்தான் மாற்றுவாள். யார் வீட்டுப் பெண் என்று தெரியாமல் மரகதவல்லி அவளிடம் கொஞ்சம் பேசவும் செய்தாள். உடல் குறைப்பட்டவன் பெருமாளைத் தொட முடியாது, கைங்கரியம் இனி கொழுந்தன் பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லி ஒரு நாள் அவள் அழுதபோது, மேரியும் அழுதாள். "நீ எதுக்குடியம்மா அழறே?" என்று மரகதவல்லி கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரனுக்குத் துணையாக இருந்தவள்தான் மேரியின் புருஷன் யார் என்பதைச் சொல்லிவிட்டாள். மரகதவல்லி கத்தவில்லை, சபிக்கவில்லை. மேரியின் கையிலிருந்த விரிப்பை மெல்ல இழுத்து வாங்கிக்கொண்டு, தானே விரிக்க ஆரம்பித்தாள். மறுநாளிலிருந்து மேரி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

காஞ்சிபுரத்தில் அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தார் அப்பாதுரையால் தங்களுக்குக் கெட்ட பேர் என்றார்கள். சேரியிலும் சிலர், அவன் ஒருவனால் எல்லோர் பிழைப்பும் போகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பானை சட்டியைக் கட்டிக்கொண்டு இருவரும் வாலாஜாபாத்துக்கு நடந்தார்கள். அங்கே ஒரு அரிசி மில்லில் நெல் அவிக்கவும் களத்தில் காயவைத்துக் கிளறவும் ஆள் தேவைப்பட்டது. பிள்ளைகள் இல்லை. ஒன்று பிறந்து, பெயர் வைப்பதற்குள் போயிருந்தது. நெல் ஆவியிலும் வெயிலிலும் வருஷங்கள் போயின. அவன் கால்கள் சேற்றுப்புண்ணில் வெடித்தன. பந்தைப் பற்றி அவன் பேசியதே இல்லை. மேரிதான் எப்போதாவது, யாராவது அவனைப் பழிக்கும்போது, "எங்க ஊட்டுக்காரருக்குக் காது கேக்காதுபா. அவரு மேல ஒரு பாவமும் இல்ல" என்று சண்டைக்குப் போவாள். அந்த ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

முப்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். மழை வருகிற மாதிரி இருந்தது. அப்பாதுரை களத்தில் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தான். களத்துக்கும் சாலைக்கும் நடுவே வேலி கிடையாது. சாலையில் கக்கத்தில் கட்டை ஊன்றி ஒருவர் வந்து நின்றார். இளவயதிலேயே குடுமி நரைக்க ஆரம்பித்திருந்தது. வாலாஜாபாத்தில் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருந்த சடகோபன்தான்.

"அப்பாதுரை" என்று கூப்பிட்டார்.

அவன் திரும்பவில்லை.

"அப்பாதுரை! உன்னைத்தான்டா!" அவரிடமிருந்து அவன் பத்தடி தள்ளித்தான் இருந்தான், இடது பக்கம் அவரைப் பார்த்திருந்தது. குவித்துக்கொண்டே இருந்தான். சடகோபன் அப்படியே நின்று யோசித்தார். பிறகு நெல்லை மிதிக்காமல் மெதுவாகச் சுற்றி வந்து, அவன் முன்னால் நின்றார்.

அப்பாதுரைக்குக் கையிலிருந்த நெல் தள்ளும் பலகை நழுவியது. பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நின்றான்.

"நெஜமாவே நோக்கு அந்தக் காது கேக்காதுதானா?" என்று கேட்டார் சடகோபன். "இத்தனை வருஷமா நீ பொய் சொல்றேன்னுதான் நெனைச்சிண்டிருந்தேன். தாம்பாளத்தைத் தட்டினா, திரும்பினான்னு சொன்னா. நானும் நம்பிட்டேன்."

"கேக்காது சார்."

"அப்போ நீ வேணும்னு பண்ணலை." அவர் கண்களில் நீர் வந்தது. "நான் போய்ச் சொல்றேன்டா. முதலியார் இருக்கார், வீரபத்திரன் இருக்கார். எல்லார்கிட்டயும் சொல்றேன். நோக்கு இருந்த அபவாதமாவது போகட்டும்."

அவர் 'ஆமாம்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார். அந்த ஒரு சொல்லில் அவருக்கும் ஏதோ பாரம் இறங்கிவிடும் போலிருந்தது. அப்பாதுரைக்கு அது புரிந்தது. ஆனாலும் அதைச் சொல்ல முடியவில்லை.

"வாணாம் சார்" என்றான். "விசில் கேக்கலதான். ஆனா நீங்க நின்னத நான் பாத்தேன் சார். பந்த உட்டுட்டு இடுப்புல கைய வெச்சிக்கினு நின்னீங்க. ஏன் நிக்கறாருன்னு ஒரு நிமிசம் தோணிச்சு. நானும் நின்னிருக்கலாம். ஓரத்துல அவங்க கத்திக்கினு இருந்தாங்க. எனக்கு ஆத்திரம். நின்னவரு மேலயே போயி உயுந்துட்டேன். விசில் கேட்டிருந்தா மட்டும் நின்னிருப்பனா? எனக்குத் தெரியல சார். எட்டு வருசமா இதத்தான் நெனைச்சிக்கினு இருக்கறேன். தெரியல."

சடகோபன் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்பாதுரைக்குப் பட்டது. கடைசியில், "இதை நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கட்டையை ஊன்றிக்கொண்டு, வந்த வழியே சாலைக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தக் களத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் அவர் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

தூறல் விழுந்தது. மில் மேஸ்திரி கத்தினான். அப்பாதுரை நெல்லைக் குவித்து மூடினான்.

சாப்பிடும்போது மேரியிடம் நடந்ததைச் சொன்னான். சடகோபன் வந்தது, அவர் சொன்னது, தான் சொன்னது எல்லாவற்றையும். மேரி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டாள்.

"நீ பாத்தியா? அவரு நின்னத?"

"பாத்தேன்."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்கிட்ட 'ஆமா'ன்னு சொன்னப்பவே தெரியும்."

மேரி அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அத்த பொதைச்சிட்டு வந்தேன் பாரு, அன்னிக்கு சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்யா" என்றாள். "எனக்கு அப்ப வயசு இருந்துச்சு. இப்ப சொல்றியே."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையை உயர்த்தி வேண்டாம் என்றாள். அவன் தட்டில் கஞ்சியை ஊற்றி நகர்த்திவிட்டு, எழுந்து வெளியே போய் மழையில் விறகை எடுத்து உள்ளே வைத்தாள்.

அதன் பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. அவள் சமைத்தாள், அவன் கூலி கொண்டுவந்தான், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். மில்லில் ஒரு நாள் யாரோ புதிதாக வந்த கூலிக்காரி, கால் ஒடித்தவன் இவன்தானா என்று மேரியிடம் கேட்டாள். அப்பாதுரை கொஞ்சம் தள்ளித்தான் நின்றிருந்தான். வலது பக்கமாகத்தான் நின்றிருந்தான். அவனுக்குக் கேட்டது.

மேரி நெல்லைக் கிளறிக்கொண்டே, "ஆமா, இவருதான்" என்றாள்.